கேள்வி கேட்காதீர்கள், சொல்லச் சொல்லுங்கள்

ஐயா, வணக்கம்.

எட்டு வயது மகளை ஓராண்டாக வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பாடநூல் கிடையாது. நல்ல புத்தகங்களாகத் தேடி வாசித்துக் காட்டுகிறேன். மாலையில் வெளியே போய், பார்த்ததை ஒரு நோட்டில் வரைவாள். ஆனால் வாசித்து முடித்ததும் நான் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் வருவதில்லை. "தெரியலை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒருநாள் எறும்பு வரைந்தாள், கால்கள் தப்பு. அழித்துத் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து நோட்டைத் தொடுவதில்லை. உறவினர்கள் "இவள் என்னதான் படிக்கிறாள்?" என்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் படிப்பு போதுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கேள்விகளை நிறுத்திவிடுங்கள். கேள்வி கேட்கும்போது, புத்தகத்தில் எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். கதாநாயகன் எந்த ஊர்க்காரன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளோ அவனுடைய குதிரைக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அதனால் ஒரே ஒரு முறை வாசியுங்கள், கொஞ்சமாக வாசியுங்கள். முடித்ததும் "இப்ப கேட்டதை எனக்குச் சொல்லு" என்று மட்டும் சொல்லுங்கள். நடுவில் வாய் திறக்காதீர்கள், விட்டுப்போனதை எடுத்துக் கொடுக்காதீர்கள். எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல்லைப் போடுவது என்று அவளே தேடவேண்டும். படிப்பு என்பது அந்த வேலைதான். கேள்வி கேட்டால் அதில் முக்கால்வாசியை நீங்களே செய்துவிடுகிறீர்கள்.

இது இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வற்புறுத்திய முறை. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்காக அவர் 1891இல் ஒரு அஞ்சல்வழிப் பள்ளியையே தொடங்கினார். என்னென்ன படிப்பது என்ற திட்டம் தபாலில் வரும், பருவ முடிவில் தேர்வுத்தாளும் வரும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் வாயால் சொல்ல, வீட்டிலுள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். வாரத்துக்கு ஒன்றாவது, அவள் சொன்னதைச் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வையுங்கள். இலக்கணத்தைத் திருத்தவேண்டாம். உறவினர்கள் கேட்டால் அதை எடுத்து நீட்டுங்கள். அவர்களிடம் தத்துவம் பேசிப் பயனில்லை.

சொல்ல வராததற்கு எப்போதும் பிள்ளையே காரணம் என்றும் நினைக்காதீர்கள். புத்தகமே சரியில்லாமலும் இருக்கலாம். "மண்புழுவுக்குக் காது இல்லை, அதிர்வை உணரும்" என்ற ஒற்றை வரியைக் கேட்ட பிள்ளை அதைத் திருப்பி ஒப்பிக்கலாமே தவிர வேறென்ன சொல்லும்? டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தொட்டி மண்ணில் புழுக்களை வளர்த்து, அவற்றின் அருகில் விசில் ஊதிப் பார்த்தார்கள், பஸூன் என்ற ஊதுகருவியை வாசித்தார்கள், கத்தியும் பார்த்தார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடிவிட்டன. இதைக் கேட்ட எட்டு வயதுப் பிள்ளை சொல்லாமல் இருக்குமா? மறுநாள் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும். எழுதியவர் தானே பார்த்து வியந்து எழுதிய புத்தகமாகத் தேடுங்கள். சாரத்தைப் பிழிந்து தரும் தொகுப்புகள் வேண்டாம்.

எறும்புக்கு வருகிறேன். அதன் ஆறு கால்களும் நடு உடலிலிருந்துதான் கிளம்பும். பெரியவர்களே பாதிப் பேர் வயிற்றில் கால் வரைவார்கள், வேண்டுமானால் வீட்டில் எல்லோருக்கும் பென்சில் கொடுத்துப் பாருங்கள். அந்த நோட்டு அவளுடையது, அதில் உங்கள் கை படக்கூடாது. உங்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வாங்குங்கள். கண்ணாடிக் குப்பியில் ஓர் எறும்பு, ஒரு உருப்பெருக்கி, பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் எறும்பை நீங்கள் வரையுங்கள். அவளும் வந்து எட்டிப்பார்ப்பாள். பழைய படம் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் புதிய படம் வரும். இரண்டையும் பார்த்தாலே அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

அவள் கேட்கும் எல்லாவற்றுக்கும் உங்களிடம் விடை இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா காம்ஸ்டாக், ஆசிரியர்களுக்கான தமது இயற்கைக் கல்விக் கையேட்டை 1911இல் வெளியிட்டார். "தெரியாது" என்று ஆசிரியர் எப்போது, ஏன் சொல்லவேண்டும் என்பதையே அதில் விளக்கியிருக்கிறார். நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தாமதித்து உதிக்கும். தினமும் ஒரே நேரத்தில் பார்க்கும் பிள்ளை சில நாட்களில் "நிலா இடம் மாறுது" என்று வந்து நிற்கும். உடனே பந்தையும் விளக்கையும் எடுத்து விளக்கப் போகாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் அவளே குறித்துவைக்கட்டும்.

சரி, போதுமா என்று கேட்டீர்கள். போதாது. வாய்ப்பாடு கதையிலும் வராது, நடையிலும் வராது. கணக்கு தினமும் உண்டு, அவள் வயதுக்கு இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் இழுக்கவேண்டாம். இந்த வழியில் போகும் சிலர் "வாழ்க்கையிலேயே கணக்கு வந்துவிடும்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்புறம், அவள் வயதுப் பிள்ளைகளோடு விளையாட வழி செய்யுங்கள். சில மாதங்கள் விடாமல் செய்தும் கேட்டதில் ஒன்றுமே சொல்ல வரவில்லை என்றால், முறையையோ உங்களையோ நொந்துகொள்ளாமல் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள், தேவைப்பட்டால் குழந்தை வளர்ச்சி நிபுணரிடமும் காட்டுங்கள்.

தொடக்கத்தில் இரண்டே வரி சொல்லிவிட்டு எழுந்து போவாள். அந்த இரண்டு வரியையும் எழுதிக்கொள்ளுங்கள், "இன்னும்?" என்று கேட்காதீர்கள்.