ரயில் புகையால் அம்மாவுக்கு மூச்சுத்திணறல்: வழக்கு நிற்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. ஏற்காட்டில் இருக்கிறார். பல வருடமாக ஆஸ்துமா உண்டு. சென்னையிலிருந்து சேலத்துக்கு இரவு ரயிலில், மூன்றடுக்கு ஏசியில் வந்தோம். எங்கள் பெட்டி ஜெனரேட்டர் பெட்டியை ஒட்டியது. ராத்திரி முழுக்க டீசல் புகை நாற்றம். போர்வையும் நாறியது. டிடிஇயிடம் சொன்னால், "ஏசின்னா அப்படித்தான் சார்" என்று போய்விட்டார். ரயில்வே உதவி எண் 139-ல் புகார் கொடுத்தேன். ஜங்ஷனில் இறங்கியதும் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். நான்கு நாள் மருத்துவமனை. இரண்டு வருடம் முன்பு எடுத்த மெடிகிளைம், பில்லில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மலைக்காற்றை சுவாசித்து வாழ்ந்தவரின் நுரையீரலைக் கெடுத்ததற்கு 20 லட்சம் கேட்கப் போகிறேன். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் 8 லட்சம் நிச்சயம் என்கிறார் நண்பர்.
– அம்மாபேட்டை வாசகர்

பதில்: நண்பர் சொன்ன 8 லட்சம், ரயில் விபத்திலோ ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தோ இறந்தவரின் குடும்பத்துக்கு. நோயால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு இல்லை என்று ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தீர்ப்பாயத்தை மறந்துவிடுங்கள். உங்கள் இடம் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குப் போட இரண்டு வருடக் கெடு. அங்கே டிக்கெட் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். கட்டணத்தைத் திருப்பித் தருவது தீர்ப்பாயத்தின் அதிகாரம். அதையே பிடித்துக்கொண்டு எதிர்தரப்பு முழு மனுவையும் தள்ளச் சொல்லும்.

டிடிஇயின் பேச்சு, போர்வை எல்லாம் ஓரமாக இருக்கட்டும். டீசல் புகை புற்றுநோய்க் காரணி என்று 2012-ல் வகைப்படுத்தியது உண்மைதான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு வந்தது புற்றுநோய் இல்லையே. மலைக்காற்று வாதமும் வேண்டாம். மலைக் குளிரும் பனியும் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது என்பார்கள்; வீட்டில் விறகடுப்பு உண்டா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்.

இந்த வழக்கில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அன்று காலை அவசரப் பிரிவு மருத்துவர் என்ன எழுதினார்? 'ரயிலில் புகையைச் சுவாசித்ததாகச் சொல்கிறார்' என்று ஒரு வரி இருந்தால் வழக்குக்குக் கால் முளைக்கும். வெறும் 'ஆஸ்துமா நோயாளி' என்று மட்டும் இருந்தால், அந்த ராத்திரிக்கும் அந்தத் திணறலுக்கும் முடிச்சுப் போட உங்களிடம் எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டின் நகலை வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். அந்த வரி இல்லையென்றால், தெரிந்த டாக்டரிடம் இப்போது போய் எழுதி வாங்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பின்தேதிச் சான்றிதழால் நல்ல வழக்கும் படுத்துவிடும்.

நான் அதிகம் பயப்படுவது உங்கள் மெடிகிளைமைப் பார்த்துத்தான். பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் ஆஸ்துமாவை எழுதினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏஜென்ட் நிரப்பிக்கொண்டு வந்த படிவத்தில் கையெழுத்து மட்டும் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். எழுதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆணையத்தில் 'பல வருட ஆஸ்துமா நோயாளி, அவரைப் புகையில் உட்காரவைத்தார்கள்' என்று பிரமாண வாக்குமூலம் கொடுப்பீர்கள். அது இன்சூரன்ஸ்காரர் கைக்குப் போனால், மறைத்துவிட்டதாகச் சொல்லி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார். பாலிசியையும் ரத்து செய்வார். சரி, 'ஆரோக்கியமாக இருந்தவர்' என்று மாற்றி எழுதலாமா? அது பொய், கேஸ் ஷீட்டே காட்டிக்கொடுக்கும். 5 வருடம் தொடர்ந்து ஓடிய பாலிசி என்றால், மோசடியை நிரூபித்தாலொழிய இந்தக் கேள்வியைக் கிளப்ப முடியாது. உங்களுடையதற்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு கையில் இழப்பீட்டை வாங்கி மறு கையால் பாலிசியை இழந்தவர்கள் உண்டு. 64 வயது ஆஸ்துமாக்காரருக்குப் புது பாலிசி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று விசாரித்துப் பாருங்கள்.

அப்புறம், 139 புகார் முடிந்ததும் கருத்துக் கேட்டு ஒரு மெசேஜ் வந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் 'திருப்தி' என்று அழுத்தினீர்களா? அழுத்தியிருந்தால் எதிர்தரப்பின் முதல் ஆவணம் அதுதான்.

20 லட்சம் வராது. மெடிகிளைம் கொடுத்த பில்லை இன்னொரு முறை வாங்கவும் முடியாது. கைக்காசிலிருந்து கட்டிய மருத்துவத் தொகை, மன உளைச்சலுக்குக் கொஞ்சம், வழக்குச் செலவு, இவ்வளவுதான் நியாயமாக எதிர்பார்க்கலாம். அந்த ரயிலின் ஜெனரேட்டர் பெட்டிப் பராமரிப்புப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் வர வேண்டும். அதில் பழுது தெரிந்தால் கோட்ட வணிகப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு சிறு தொகைக்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் விண்ணப்ப நகலை ஒரு வக்கீலிடம் காட்டாமல் ரயில்வேக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.