மேலே நின்றால் படி தெரியாது

கேள்வி: 26 வருடம் பார்த்த வேலை போய்விட்டது. பிள்ளைகளும் வெளியூர் போய்விட்டார்கள். எங்கள் நகரம் மேடும் பள்ளமுமானது. பொதுப் படிக்கட்டுகள் நிறைய. வாரம் ஒரு புதுப் படிக்கட்டு ஏறினால் அடுத்து என்ன என்று மனம் தெளியும் என்கிறார் நண்பர். எனக்கு வயது 54. இது பலன் தருமா, வெறும் பொழுதுபோக்கா?

பதில்: ஏறுங்கள். ஆனால் யோசித்துக்கொண்டே ஏறாதீர்கள். முதல் இரண்டு மூன்று படிகளிலேயே படியின் உயரத்தைக் கால் கணித்துவிடும். பிறகு அந்த அளவுக்குத்தான் தூக்கும். வெளிப் படிக்கட்டில் மண் இறங்கியிருக்கும், வேர் கல்லைத் தூக்கியிருக்கும். ஒரு படி 1 செ.மீ. கூடினாலே தட்டும். அதனால் படிகளை எண்ணிக்கொண்டே போங்கள். கவலைக்கும் அந்த நேரத்தில் விடுமுறை.

மூச்சு வாங்கினால் உடனே வயதைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு படிகளின் உயரமும் ஒரு படியின் அகலமும் (பாதம் வைக்கும் பரப்பின் முன்பின் அளவு) கூட்டினால் 60 முதல் 64 செ.மீ. வருவதே நல்ல படிக்கட்டு. உயரம் 15, அகலம் 32 என்றால் சுகமாக ஏறலாம். உயரம் 20 என்றால் இளைஞருக்கும் இரைக்கும். மார்பு வலித்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் அங்கேயே நின்று மருத்துவரைப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது இறக்கத்தில். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. வலி மறுநாளோ அதற்கு மறுநாளோதான் தெரியும். முதல் இரண்டு வாரம் படியில் ஏறி, சரிவான சாலை வழியாக இறங்குங்கள். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் படி விளிம்பு மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக இருந்தால் அதைப் போடுங்கள்.

படிக்கட்டைத் தேடுவது எளிது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் சுமார் 800 பொதுப் படிக்கட்டுகள். பலவற்றுக்குத் தெருப் பெயரே உண்டு, வரைபடத்தில் சாலை போலவே தெரியும். உங்கள் ஊரிலும் ஒரு தெரு மேட்டில் முடிந்து அதே பெயரில் மேலே தொடர்ந்தால், நடுவில் படிக்கட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாரம் ஒரு புதுப் படிக்கட்டு என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. ஒன்றிலேயே நான்கு வாரம் ஏறுங்கள். முதல் வாரம் 40-ஆவது படியில் நின்ற நீங்கள் நான்காம் வாரம் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியட்டும். வேலை போன மனிதருக்கு அப்படி ஒரு கணக்கு கையில் இருப்பது பெரிய பலம்.

உக்ரைனின் ஒடெசா நகரில் 1841-இல் கட்டி முடித்த படிக்கட்டில் இப்போது 192 படிகள். கீழே நின்றால் படிகள் மட்டுமே தெரியும், நடுநடுவே வரும் சமதளங்கள் தெரியாது. மேலே நின்றால் சமதளங்கள் மட்டுமே தெரியும், படி ஒன்றுகூடத் தெரியாது. நீங்கள் இப்போது கீழே நிற்கிறீர்கள். அதனால் பெரிய முடிவு எதையும் அடிவாரத்தில் எடுக்காதீர்கள். உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்து, இருதயம் அடங்கிய பிறகு யோசியுங்கள்.

இறங்கும்போது கடைசி மூன்று படிக்குக் கைப்பிடியை விட வேண்டாம். தரை வந்துவிட்டது என்று கால் ஏமாறுவது அங்கேதான்.