குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒரு குப்பி

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் பிறந்தவள். திருமணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சாட்ஸ்வொர்த்தில் மாமியாருடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருக்கு 72 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. மூன்று ஆண்டுகளாக இரவில் இரண்டு பாதங்களும் எரிகின்றன. “கால்ல தணல் அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கு” என்று சொல்லி, விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

சென்ற மாதம் பூசை அலமாரியைத் துடைக்கும்போது, குங்குமச் சிமிழுக்குப் பின்னால் சொட்டுக்குழாய் வைத்த பழுப்புக் குப்பி ஒன்று இருந்தது. கேட்டபோது முதலில் கண் மருந்து என்றார். பிறகு அழுதுகொண்டே, தெரிந்த ஒருவரிடம் 350 ரேண்டு கொடுத்து வாங்கிய டகா எண்ணெய் என்றார். டகா என்றால் இங்கே கஞ்சா. இரவில் நாக்கின் அடியில் சில சொட்டுகள் விட்டால் தூக்கம் வருகிறதாம். “மவன்கிட்ட சொல்லிடாத, இந்த வயசுல கஞ்சாக்காரின்னு பேரு வேணாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தனாரோ, இவர் எடுப்பது தெரியாமலேயே, டகா எண்ணெய் இயற்கை மருந்து, சர்க்கரை நோயையே போக்கிவிடும் என்று காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்.

இது வலிக்கு உண்மையிலேயே கேட்குமா? சட்டப்படி குற்றமா? நான் என்ன செய்வது?

ம.
சாட்ஸ்வொர்த்

அன்புள்ள ம.,

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குப்பி ஏன் சாமி படங்களுக்கு நடுவே ஒளிந்திருக்க நேர்ந்தது என்ற நான்காவது கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நான் மருத்துவன் அல்லன். டர்பனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையிலும், ஒருமுறை இதே எண்ணெயிடம் தோற்றவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

வலிக்குக் கேட்குமா என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிலருக்குக் கேட்கும்; அதுவும் சிறிதளவே. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் நம் நரம்புகளில் எந்த ஏற்பிகளில் போய் அமர்கிறதோ, அதே ஏற்பிகளுக்காக நம் உடலும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்பதை 1992-இல் மெஷூலத்தின் குழு கண்டறிந்து, அதற்கு ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே ஆனந்தமைடு என்று பெயர் வைத்தது. ஆகவே வலியைக் கடத்தும் நரம்புப் பாதையில் இந்தச் செடிக்கு வேலை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த வேலை எவ்வளவு என்பதில்தான் காணொளிகளும் ஆய்வுகளும் பிரிகின்றன.

நாட்பட்ட வலி பற்றிய 104 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-இல் வெளிவந்தது. அதன்படி, கஞ்சா மருந்துகளை எடுத்தவர்களில் 100-க்கு 29 பேருக்கு வலி 30 விழுக்காடு குறைந்தது. மருந்தே இல்லாத போலி மருந்தை எடுத்தவர்களில் 100-க்கு 26 பேருக்கும் அதே அளவு குறைந்தது. ஆய்வுகளைத் தொகுத்தவர்களின் கணக்கில், 24 பேருக்குக் கொடுத்தால் அவர்களில் ஒருவருக்குத்தான் அந்த மருந்தினால் கூடுதல் பலன். ஆனால் ஆறு பேருக்குக் கொடுத்தாலே ஒருவருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு கூடுதலாக வந்துவிடுகிறது. சர்க்கரையால் வரும் நரம்பு வலியை மட்டும் எடுத்துக்கொண்டால் சான்று இன்னும் மெலிந்தது. 2010-இல் பிரிட்டனில் 30 பேரிடம் டிஎச்சியும், கஞ்சாவிலேயே உள்ள போதை தராத பொருளான சிபிடியும் கலந்த வாய்த்தெளிப்பைக் கொடுத்துப் பார்த்ததில் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. 2015-இல் கலிபோர்னியாவில் 16 பேரை ஆவியாக உள்ளிழுக்க வைத்ததில், அளவு கூடக்கூடச் சில மணி நேரத்துக்கு வலி குறைந்தது. அளவு மிகுந்தபோது கவனமும் மந்தமானது. பதினாறு பேர், சில மணி நேரம் என்பதை வைத்துக்கொண்டு எவரும் கொடி பிடிக்க முடியாது.

வல்லுநர்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2021-இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், வலிக்குக் கஞ்சாவைப் பொதுவாகப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. அதே ஆண்டு ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, மற்ற சிகிச்சைகள் போதாதவர்கள் புகைக்காத வடிவங்களில் முயன்று பார்க்கலாம் என்றது; அந்தப் பரிந்துரை வலுவற்றது என்று தானே குறிப்பிடவும் செய்தது. நான் இந்த இரண்டாம் கட்சிக்குச் சற்று அருகில் நிற்கிறேன். விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரிடம் போய் “சான்று போதாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எனக்குக் கைவராது.

உங்கள் மாமியார் சொன்னதில் ஒன்றைக் கவனித்தீர்களா? வலி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. தூக்கம் வருகிறது என்றுதான் சொல்கிறார். எரிச்சல் குறைந்திருக்கலாம், அல்லது எரிச்சல் அப்படியே இருக்க அதன் நடுவே உறங்க முடிந்திருக்கலாம். இரண்டாவதையும் நான் சிறிதென்று சொல்லமாட்டேன். ஆனால் உறக்கம்தான் கிடைக்கிறது என்றால், அதே உறக்கத்தையும் அதைவிட நல்ல வலித் தணிவையும் தரக்கூடிய, அளவு தெரிந்த மருந்துகள் இருக்கின்றன. நரம்பு வலிக்கு இரவில் சிறிய அளவில் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளில் போலி மருந்தைவிடக் கூடுதலாக ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் பாதிக்குப் பாதி நிவாரணம் கிடைக்கிறது. டுலாக்செட்டின், ப்ரீகாபலின் போன்றவற்றில் ஆறு முதல் எட்டுப் பேரில் ஒருவருக்கு. இருபத்துநான்கில் ஒருவர் என்ற கணக்கின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அமிட்ரிப்டிலினைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைவும் இதேபோல் பாத எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்கும். உங்கள் மாமியார் மெட்ஃபார்மின் எடுப்பவராகவும், விரத நாள்கள் மிகுந்து புலால் தொடாதவராகவும் இருந்தால், எந்த எண்ணெயைப் பற்றியும் பேசுவதற்கு முன் அந்த ஒரு இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி என் கதை. 2019-இல் எனக்கு விலாவில் அக்கி வந்து, கொப்புளங்கள் ஆறிய பிறகும் வலி போகவில்லை. பனியன் உரசினாலே தோலில் தீக்குச்சி கிழித்ததுபோல் இருக்கும். நண்பர் ஒருவர், தாமே வளர்த்த செடியில் காய்ச்சியது என்று ஒரு குப்பியைக் கொடுத்தார். இரவு எட்டு மணிக்கு ஐந்து சொட்டு விட்டுக்கொண்டேன். எட்டே முக்காலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஐந்து சொட்டு. பத்து மணிக்கு நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, சுவரின் வெள்ளை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பதினேழில் எண்ணிக்கை அறுந்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. “ஊருக்கெல்லாம் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று எழுதிக் கொடுத்த மனிதர்” என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

நான் செய்தது மருந்துக்கடைக்காரன் செய்யவே கூடாத பிழை. புகையாக உள்ளே போனால் நிமிடங்களில் தெரியும். விழுங்கினால் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றவும் செய்யும், ஆறு எட்டு மணி நேரம் நீடிக்கும். நாக்கின் அடியில் விடுவதிலும் பெரும்பகுதி எச்சிலோடு வயிற்றுக்குத்தான் போகிறது. அந்த இடைவெளியில் பொறுமை இழந்து இரண்டாம் முறை எடுப்பவர்கள் சிலர் மருத்துவமனைவரை போகிறார்கள். வலிக்கு டிஎச்சியைத் தொடங்கும் மருத்துவர்கள் 2.5 மில்லிகிராமில் தொடங்கி, நாள்கணக்கில் காத்திருந்து சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். உங்கள் வீட்டுக் குப்பியில் ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம் என்பது, விற்றவருக்கே தெரியாது. ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் நான்கு மடங்கு வேறுபாடு இருந்தாலும் நிறத்தில் தெரியாது. காய்ச்சியது எதில், கரைப்பான் மிச்சம் இருக்கிறதா, பூஞ்சை உண்டா என்பதற்கும் விடை கிடையாது. எனக்கு அச்சம் தருவது செடி அல்ல, அளவு எழுதப்படாத அந்தக் குப்பிதான்.

எழுந்து நிற்கும்போது இந்த எண்ணெய் இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கக்கூடும். சாட்ஸ்வொர்த் வீடுகள் சரிவில் ஏறி இறங்கிக் கிடப்பவை, படியில்லாத வாசல் அபூர்வம். பாதத்தில் உணர்வு குறைந்த 72 வயதுக்காரர் இரவில் அரைத் தூக்கத்தில் கழிப்பறைக்கு எழுவதை நினைத்துப் பாருங்கள். அவர் இன்சுலின் எடுப்பவரானால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வரும் மயக்கத்தை எண்ணெயின் மயக்கம் என்று வீட்டார் எண்ணிவிடும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்தால், சிபிடி அதன் வேகத்தைக் கூட்டும். தூக்கம் தரும் வேறு மாத்திரைகளோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிக்கும். இவற்றில் எதையும் மருத்துவர் கவனிக்க முடியாது, ஏனென்றால் குப்பி இருப்பதே அவருக்குத் தெரியாது. பாதங்களை நாள்தோறும் நீங்கள் ஒருமுறை பாருங்கள். கோயில் வெளியில் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

கொழுந்தனாருக்கு ஒரே வரி: டகா எண்ணெய் சர்க்கரையைப் போக்காது, அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் காலை இழப்பார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், வயது வந்தவர் தனியிடத்தில் தமக்காகக் கஞ்சா வளர்ப்பதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் அதற்கான தனிச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். விற்பனை இவற்றில் எதிலும் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே மாமியார் தம் அறையில் எடுப்பதில் குற்றமில்லை; 350 ரேண்டுக்கு நடந்த வியாபாரம் சட்டத்துக்குப் புறம்பானது. முறையான வழியும் இருக்கிறது. பதிவு பெறாத மருந்தை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காகத் தருவிக்க மருத்துவர் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவிடம் 21-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதில் அளவு அச்சிட்ட குப்பி வரும், விலை கூடுதலாகவே இருக்கும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சிபிடிக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்பது வரம்பு. வலிப்பு நோய்க்கு இதே சிபிடியைக் கொடுக்கும்போது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 1200 மில்லிகிராம் வரை போகிறது. அந்த 20-இல் பாத எரிச்சல் தணியும் என்று எதிர்பார்த்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

இனி அந்த நான்காவது கேள்வி. 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. பத்தே ஆண்டுகளில், 1870-இல், டர்பன் அடங்கிய நேட்டால் காலனி ஒரு சட்டம் போட்டது: கூலிகள் எவரும் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு எவரும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. இன்சாங்கு என்ற பெயரில் ஜூலு மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த அதே செடி, கரும்புத் தோட்டத்து நம்மவர் கையில் இருந்தால் மட்டும் குற்றம் என்றானது. தொழிலாளியின் உடல்நலத்தைவிட அவனுடைய வேலை நேரத்தைப் பற்றிய கவலையே அந்தச் சட்டத்தில் மிகுதி என்று நான் நினைக்கிறேன். நாடு முழுவதற்குமான தடை 1920-களில்தான் வந்தது. எனவே உங்கள் மாமியார் அஞ்சும் “கஞ்சாக்காரி” என்ற பெயர் அவர் வளர்ந்த வீட்டில் முளைத்தது மட்டுமல்ல. பல தலைமுறைகள் காவலருக்குப் பயந்து வாழ்ந்ததன் மிச்சமும் அதில் இருக்கிறது. இதைச் சொல்வதால் அவர் அதை எடுப்பது பெருமை என்று ஆகிவிடாது. அவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது மட்டும் ஆகிறது.

நீங்கள் குப்பியைப் பிடுங்கி ஊற்றிவிடாதீர்கள். ஊற்றினால் அடுத்த குப்பி நீங்கள் துடைக்காத இடத்துக்குப் போகும். கணவரிடம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்வதும் வேண்டாம். மாமியார் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார், அந்தக் கையை விடாமலே ஒரு நாள் குறியுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போடச் சொல்லுங்கள். அதுவரை இரவில் எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, எப்போது உறங்கினார், காலையில் எரிச்சல் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்; அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால் போதும். சொட்டைக் கூட்ட வேண்டாம், ஒரே இரவில் இரண்டாம் முறை வேண்டவே வேண்டாம், எழும்போது விளக்கைப் போட்டுவிட்டு எழச் சொல்லுங்கள். புறப்படும் நாளில் குங்குமச் சிமிழுக்குப் பின்னாலிருந்து குப்பியை நீங்கள் எடுக்காதீர்கள். அவரே எடுத்துப் பையில் வைக்கட்டும்.