அரை ட்யூப் வைத்தியம்

கேள்வி: என் ஜெர்சி கலப்பு மாட்டுக்குப் பின்காம்பு ஒன்றில் மடிநோய். பால் திரிதிரியாக வந்தது. மடிக்குள் ஏற்றும் ட்யூப் வாங்கி, ஒன்றை இரண்டு வேளைக்குப் பிரித்துப் போட்டேன். பால் வெள்ளையானதும் நிறுத்திவிட்டேன். மூன்றே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது, காய்ச்சலோடு. மருந்து போலியா டாக்டர்?
– ஒரு வாசகர், வாழப்பாடி

பதில்: மருந்துக்கடைக்காரரைத் திட்டாதீர்கள் தம்பி. மருந்து அசலாகத்தான் இருக்கும், அளவுதான் பாதி. உங்கள் பக்கத்து வீடுகளில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் இட்லி மாவுக்குப் பக்கத்தில் அரை ட்யூப் ஒன்று கிடப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிச்சம் பிடித்த காசாம்!

அரை மருந்து போட்டால் பாதிக் கிருமி சாகும், மீதியை மாடே சமாளிக்கும் என்பது உங்கள் கணக்கு. கிருமி அந்தக் கணக்குக்குள் நிற்காது. கொல்லப் போதாத மருந்து மேலே பட்டால் அது தன் நடத்தையையே மாற்றிக்கொள்ளும்.

விட்டு விட்டு வரும் மடிநோயில் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை. அது படலம் கட்டி வாழக்கூடியது. மாட்டுத்தொட்டியின் உள்சுவர் கைக்கு வழுக்குகிறதே, அதுவும் கிருமிப் படலம்தான். பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வளர்ச்சி மந்தம். பெனிசிலின் வகை மருந்தோ, கிருமி வளர்ந்து புதுச் செல்சுவர் கட்டும்போதுதான் அதைக் கெடுக்கும். வளராததை என்ன செய்யும்?

இதே குடும்ப மருந்து சொற்பமாகக் கிடைத்தால் இன்னொரு கூத்தும் நடக்கிறது. இந்தக் கிருமியின் சில வகைகளில் ஒரு பகுதி உடைந்து டி.என்.ஏ.வை வெளியே கொட்டும். பிழைத்தவை அதையே பசையாக்கிப் படலத்தைத் தடிமனாக்கும். ஆய்வகத்தில், குறைந்த அளவு மருந்து பட்ட கிருமி செல்லைத் துளைக்கும் ஆல்ஃபா நச்சைக் கூடுதலாகச் சுரந்ததும் உண்டு. உங்கள் மாட்டுக் காய்ச்சல் அதனால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2005இல் சியாட்டில் ஆய்வாளர்கள், சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமிக்கு டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொல்லாத அளவில் கொடுத்தபோது அது அதிகப் படலம் கட்டியதைக் காட்டினார்கள்.

எதிர்மாறான மருந்துகளும் உண்டு. கிளிண்டமைசின் என்ற மருந்து குறைந்த அளவிலும் ஸ்டெஃபைலோகாக்கஸின் நச்சுச் சுரப்பை அடக்கும். அசித்ரோமைசின் என்ற இன்னொரு மருந்து, கொல்லாத அளவிலேயே சூடோமோனாஸ் கிருமிகளின் ஒன்றுக்கொன்றான சமிக்ஞையைக் குலைக்கும். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்று தெரியாமல் அளவைக் குறைப்பது சூதாட்டம்.

இனி செய்யவேண்டியது: புது மருந்து தொடும் முன், காம்பு நுனியை ஸ்பிரிட்டில் துடைத்து, முதல் பீச்சுகளை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பால் பிடித்து, ஐஸ் வைத்து உங்கள் கால்நடை டாக்டரிடம் கொடுத்துக் கல்ச்சர், அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். பிறகு அவர் சொல்லும் மருந்தை, மடியை ஒட்டக் கறந்துவிட்டு, ஒரு காம்புக்கு ஒரு வேளைக்கு முழு ட்யூப், சொன்ன நாள்வரை. ஒருமுறை உள்ளே போன ட்யூப் மூக்கு மறுபடி எந்தக் காம்புக்குள்ளும் போகக்கூடாது. புதுக் கிருமியை நீங்களே ஏற்றிவிடுவீர்கள். இந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். முழு அளவுக்கும் மசியவில்லையென்றால், பால் வற்றும் காலத்தில் போடும் மருந்து பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலில் தயிர் உறையவில்லை. ஏன்?
– ஒரு வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: உறைமோரில் இருப்பதும் பாக்டீரியாதானே அம்மா, பாலில் இறங்கிய மருந்து அதை அடக்கிவிட்டது. காய்ச்சினால் போய்விடும் என்று நம்பவேண்டாம். லேபிளில் போட்டிருக்கும் கெடு முடியும்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள், கன்றுக்கும் வைக்காதீர்கள். மருந்து போட்டது ஒரு காம்புக்குத்தானே என்று மற்ற மூன்றின் பாலைத் தனியாகக் கறந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து ரத்தத்தில் ஏறி அங்கேயும் வரும். நான்கு காம்புப் பாலும் கீழேதான்.