சயவும் (−) சயவும் எப்போது சக (+)?

கேள்வி: மகன் தரம் எட்டில் படிக்கிறான். −3/4 − (−5/6) என்ற கணக்குக்கு −19/12 என்று எழுதியிருக்கிறான். பிழை போட்டிருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. கேட்டால், "சயவும் சயவும் சகதானே, அதுதான் கூட்டினேன்" என்கிறான். எப்படி விளங்கப்படுத்துவது? வேறு ரியூசனுக்கு விடவேண்டுமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: உங்கள் மகனுக்குப் பின்னம் தெரியும். 4, 6 இரண்டின் பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) 12 என்று கண்டு, 9/12, 10/12 என்று சரியாக மாற்றியிருக்கிறான். இல்லாவிட்டால் அந்த 19 வந்திருக்காது. பிழைத்தது குறியில் மட்டும்தான்.

"சயவும் சயவும் சக" என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்துவிடுகிறோம். எந்தச் சய, எந்தச் சய என்று சொல்வதில்லை. இந்தக் கணக்கில் மூன்று சய இருக்கின்றன. நடுவில் எண் இல்லாமல் அடுத்தடுத்து நிற்கும் இரண்டுதான் சகவாக மாறும். முன்னால் 3/4 உடன் நிற்கும் சய அப்படியே இருக்கும். ஆகவே:

−3/4 − (−5/6) = −3/4 + 5/6 = −9/12 + 10/12 = 1/12

மகன் கூட்டியது 9ஐயும் 10ஐயும். அவை எதிரெதிர்க் குறிகள், வித்தியாசம்தான் எடுக்கவேண்டும்.

ஏன் சகவாக மாறுகிறது என்று அவன் கேட்டால் கடனைச் சொல்லுங்கள். கடைக் கொப்பியில் 500 ரூபா கடன் இருக்கிறது. கடைக்காரர் 200 ரூபாக் கடனை வெட்டிவிட்டார். −500 − (−200) = −300. கடனைக் கழித்தால் கையில் காசு கூடின மாதிரித்தான். கி.பி. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரமகுப்தர் மறை (சய) எண்களுக்கு விதி எழுதியதும் கடன், சொத்து என்றுதான். ஆனால் இதைப் பின்னத்துக்குள் இழுக்கவேண்டாம். ஆறில் ஐந்து ரூபா எந்தக் கடையிலும் கடன் இல்லை! குறியை முழு எண்ணில் விளங்கப்படுத்திவிட்டு, அப்புறம் பின்னத்துக்கு வாருங்கள்.

பின்னங்களின் பகுதிகளை, அதாவது கீழே உள்ள எண்களை, ஒன்றாக்குவது நம்முடைய ஆட்களுக்குப் புதிதல்ல. பழைய தமிழ்க் கணக்கில் மாகாணி 1/16, மா 1/20. மாகாணியில் மாவைக் கழிக்க வேண்டுமென்றால் இரண்டையும் முந்திரியாக, அதாவது 1/320 ஆக, மாற்றினால் போதும்: 20 முந்திரியில் 16 போக மிச்சம் 4. அதுதான் ஒரு காணி, 1/80.

பொ.ம.சி. வராவிட்டால் 4ஐ 6ஆல் பெருக்கி 24 எடுக்கட்டும். 2/24 வரும், சுருக்கினால் அதே 1/12. கலப்பு எண்ணில் மட்டும் கவனம்: −2 1/3 என்பது −7/3, −2 + 1/3 அல்ல.

விடை எழுதுமுன் ஒரு மதிப்பீடு செய்யப் பழக்குங்கள். 3/4, 5/6 இரண்டும் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒன்று சய, மற்றது சக என்றால் விடை பூச்சியத்துக்குக் கிட்டத்தான் வரவேண்டும். −19/12 பூச்சியத்துக்குக் கீழே ஒன்றரையையும் தாண்டிவிட்டது. இதைப் பார்த்திருந்தால் அவனே பிடித்திருப்பான்.

ரியூசன் மாற்றத் தேவையில்லை. இந்த மூன்றையும் வீட்டில் செய்யச் சொல்லுங்கள்: −1/2 − (−2/3), −5/6 − 3/8, −2 1/3 − (−3/4). விடைகள் முறையே 1/6, −29/24, −19/12. இரண்டாவதில் அடுத்தடுத்து நிற்கும் சய இல்லை. அங்கேயும் சக போட்டானென்றால் கடைக் கொப்பியை மறுபடி எடுங்கள்.