போத்தலும் மாறவில்லை, கையும் மாறவில்லை

அன்புள்ள அண்ணா,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். மொஹேர் என்ற ஆட்டுமுடித் துணியில் டெடி கரடி தைக்கிறேன். கன்னத்துக்கும் கண்ணோரத்துக்கும் ஏர்பிரஷால், அதாவது காற்றின் அழுத்தத்தில் பெயின்டைத் தூவும் கருவியால், நிழல் கொடுக்கிறேன். மாசியில் அழகாக வந்தது. இப்போது ஆனியில் துப்புகிறது. முகமெல்லாம் புள்ளி விழுந்து ஒரு கரடி பாழாகிவிட்டது. காய்ந்த பிறகு முடி குச்சி குச்சியாக நிற்கிறது. காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரிலேயே தண்ணீர் ஃபில்டரும் பூட்டியிருக்கிறேன். என் கைதான் சரியில்லையோ? எந்தக் கம்பனி பெயின்ட் வாங்கலாம்? ஏர்பிரஷ் அடித்ததைக் கைவேலை என்று விற்கலாமா?

வாசகி, ஹட்டன்

அன்புள்ள தங்கச்சி,

தாராளமாக விற்கலாம். தையல் ஊசி போல ஏர்பிரஷும் ஒரு கருவிதான். கம்பனிப் பேச்சை விடுங்கள். துணிக்கான அக்ரிலிக், பால் பதத்தில் இருந்தால் போதும். மாசியில் அடித்த அதே போத்தல்தானே இது? அதே கைதானே? அந்தக் கையை ஏன் திட்டுகிறீர்கள்? மாறியது காற்று.

வைகாசி கடைசியில் தென்மேற்கு மழை இறங்கினால் ஹட்டனில் சுவரே வியர்க்கும். அந்தக் காற்றைத்தான் கொம்பிரசர் உறிஞ்சுகிறது. 30 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு) அழுத்தினால் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் ஒடுங்கும். இடம் ஒடுங்கினால் அது தாங்கும் ஆவியும் குறையும். மிச்சம் தண்ணீராகத்தான் வேண்டும். ஆனால் கொம்பிரசரை விட்டு வரும்போது காற்று சூடாக இருப்பதால் அது இன்னும் ஆவிதான். உங்கள் ஃபில்டருக்குள் ஆவியாகவே நுழைந்து ஆவியாகவே போய்விடுகிறது. பிறகு குளிர்ந்த ஹோஸுக்குள் துளியாகி, ஏர்பிரஷின் நொசில், அதாவது முனைத் துளை, வழியாகக் கரடியின் முகத்தில் விழுகிறது. ஃபில்டர் இருக்கிறது, இருக்கவேண்டிய இடத்தில் இல்லை!

அதைக் கழற்றி ஹோஸின் மறுமுனையில், ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் பூட்டுங்கள். நடுவில் 3 மீற்றர் ஹோஸாவது இருந்தால்தான் காற்று ஆறும். ஃபில்டரின் கிண்ணம் நேராகக் கீழே தொங்கவேண்டும். சாய்ந்தால் பிடித்த தண்ணீர் திரும்ப ஏறும். கால் மணிக்கொரு தடவை வடித்துவிடுங்கள். கொம்பிரசரில் காற்று டாங்கி இருந்தால் வேலை முடிந்ததும் அதன் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து விடுங்கள், இல்லையென்றால் உள்ளே துரு பிடிக்கும்.

நம்பிக்கை வர ஒரு சோதனை. பெயின்ட் ஊற்றாமல், பழுப்புக் கடதாசியில் ஒரு நிமிடம் வெறும் காற்றை அடியுங்கள். ஈரப்பொட்டு விழுந்தால் தண்ணீர்தான். கடதாசி காய்ந்தே இருந்து, பெயின்ட் ஊற்றியதும் கடும் நிறத்தில் துப்பினால், ஏர்பிரஷுக்குள் இருக்கும் ஊசியின் முனையில் பெயின்ட் உறைந்திருக்கிறது. நனைத்த பிரஷால் துடைத்துவிடுங்கள்.

பண்டாரவளையில் ஒருவர் சொல்லும் அளவை ஆனியில் நீங்கள் அப்படியே பிடிக்கவும் கூடாது. அங்கே இப்போது வறண்ட காற்று, அடித்த கையோடு காயும். உங்களுக்குக் காயாது. காயாத முடிமேல் இரண்டாவது தரம் அடிப்பதால்தான் நுனிகள் ஒட்டிக் குச்சியாகின்றன. 0.3 மில்லிமீற்றர் நொசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ, 10 சென்டிமீற்றர் தூரம். முதலில் காற்று, பிறகு நிறம். நிறுத்தும்போது முதலில் நிறம், பிறகு காற்று. நிறம் தெரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்போதே நிறுத்திவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே மெல்லிய பல்துலக்கும் பிரஷால் முடியின் போக்குக்கு எதிராகச் சீவுங்கள். பிறகு ஹெயார் டிரையரைக் குளிர் காற்றில் வைத்துக் காயவைத்து அடுத்த தரம். செயற்கை முடியென்றால் சூடு காட்டவே வேண்டாம், சுருண்டுவிடும்.

ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம். கிழமைக்கணக்கில் தைத்த முகத்தில் நேரே அடிப்பதா? வெட்டி மிஞ்சிய மொஹேர் துண்டு எதற்கு இருக்கிறது? ஒவ்வொரு நாளும் முதல் பத்து அடி அதில் விழவேண்டும்.

பாழான கரடியை எறிந்துவிடாதீர்கள். புள்ளி பெரும்பாலும் நுனியில்தான் நிற்கும். சின்னக் கத்தரிக்கோலை முடியின் போக்கிலேயே பிடித்து, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் நறுக்குங்கள். மறு கன்னத்தையும் அதே அளவு குறைத்தால் வித்தியாசம் தெரியாது.