“அடிக்கக்கூட இல்லை, ஒரு வார்த்தைதான் சொன்னேன்”

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 49. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 2004-ல் மூவாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் இதே பள்ளியில் சேர்ந்தேன். 2006-ல்தான் முறையான சம்பளம் வந்தது. நடுவில் வேறு ஊர்களுக்கு மாறி, நான்கு வருடம் முன்பு கலந்தாய்வில் இங்கேயே திரும்பி வந்தேன்.

22 வருடம் பாடம் எடுத்த பிறகு, எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இப்போது கேட்கிறார்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பாஸ் செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இன்னும் 11 வருடம் இருக்கிறது. ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறேன். மொத்தம் 150 கேள்வி, அதில் 30 குழந்தைகளின் மனசைப் பற்றியவை. கல்லூரி படிக்கும் மகள் கேள்வி கேட்க, நான் தப்புத் தப்பாகப் பதில் சொல்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

பள்ளியில் எமிஸ் என்கிற பள்ளித் தகவல் பதிவு முறை உயிரை வாங்குகிறது. காலையில் வருகைப் பதிவைப் போனில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காவிட்டால் கிணற்று மேட்டுப் பக்கம் போய் நிற்கிறேன். எடை, உயரம், சீருடை, செருப்பு எல்லாம் அதில்தான். இதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை. தலைமையாசிரியர் எதைக் கேட்டாலும் “ஏத்திட்டீங்களா?” என்பார். வீட்டுக்காரரோ, “பத்து மாச வேலைக்குப் பன்னிரண்டு மாசச் சம்பளம்” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பிள்ளைகளைக் கண்டிக்கவும் முடிவதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பாவும் என்னிடம் படித்தவர்தான், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறார். மகனைச் சேர்க்க வந்தபோது, “எங்க டீச்சர்கிட்டயே உட்டுட்டேன்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதோடு சரி, அப்புறம் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. பையன் சேட்டை. அன்றைக்கு வாய்ப்பாடு எழுதாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். “உங்கப்பனும் இதே இடத்துல உக்காந்து ஒண்ணும் கத்துக்காமத்தான் போனான். நீயும் உங்கம்மாவுக்குப் பீடிக்கு நூல் கட்டத்தான் லாயக்கு” என்றேன். அடிக்கக்கூட இல்லை, ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து வரவில்லை. இன்றோடு 11 நாள். வகுப்பும் கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது. அதை விடுங்கள்.

எமிஸ்தான் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டுப் பாடம் நடத்தப் போய்விடுவோம். இப்போது காலையில் அந்தப் போனை எடுத்தாலே கை நடுங்குகிறது, படபடவென்று வருகிறது. டாக்டர் பிரஷர் நார்மல் என்கிறார். விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், குடியாத்தம்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான்கு வருடம், 11 வருடம், 22 வருடம் என்று நிறைய எண்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் நாள் கணக்கு. “அதை விடுங்கள்” என்று சொன்னவரே விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

எமிஸ் வந்து எத்தனை வருடமாயிற்று! எரிச்சல் அன்றே வந்திருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது எப்போது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் அந்தப் போன் ஒரு பெயரைக் காட்டுகிறது, அதற்கு நேரே ‘வரவில்லை’ என்று உங்கள் விரலால் தொட வேண்டியிருக்கிறது. டவர் கிடைக்காத நாளில் கிணற்று மேட்டுக்குப் போய், நின்று, காத்திருந்து அதைச் செய்கிறீர்கள். படபடப்பு அங்கிருந்து வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேர்வைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அதற்குச் சங்கம் இருக்கிறது, அரசு இருக்கிறது. உங்கள் கணவரின் நகைச்சுவைக்கு என்னிடம் மருந்தில்லை. அவரை ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் தெரியும். பையன் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை, மன்னியுங்கள். “அடிக்கக்கூட இல்லை” என்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் அப்பாவை, அம்மாவை, அம்மாவின் பிழைப்பை ஒரே மூச்சில் வகுப்பின் நடுவில் போட்டு மிதித்தீர்கள். அந்த அம்மா பீடி சுற்றுவதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. உங்கள் பக்கத்தில் அப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஆனால் அந்த வார்த்தை அவனுக்காகக் கிளம்பியதல்ல. முந்தின ராத்திரி ‘உனக்குத் தகுதி இருக்கிறதா’ என்ற கேள்வியோடு படுத்தீர்கள். காலையில் வந்து பார்த்தால், உங்கள் முதல் வருட மாணவனின் மகன் அதே இடத்தில் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இருபது வருடத்தில் ஒன்றுமே நகரவில்லை என்று தோன்றியிருக்கும். ‘ஒண்ணும் கத்துக்கல’ என்று அந்த அப்பாவுக்குப் போட்ட மதிப்பெண், டீச்சர், உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டதுதான்.

அது சரியான மதிப்பெண்தானா? எந்தக் கிராமத்துக்கும் இப்போது தனியார் பள்ளி வேன் வருகிறது. கடன் வாங்கியாவது பிள்ளைகளை அதில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் கற்றுக்கொடுக்காத ஆசிரியையிடம், அதுவும் இத்தனை வருடம் கழித்து, ஒருவர் தன் மகனைக் கொண்டுவந்து விடுவாரா? “எங்க டீச்சர்” என்று அவர் சொன்னதைக் கைகழுவிவிட்டுப் போனதாக எடுத்துக்கொண்டீர்கள். கூட்டத்துக்கு வராதது அவருடைய ஷிப்டாக இருக்கலாம். அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி படித்துப் பாருங்கள். அவர் மகனிடம்தான் அப்பா ஒன்றுக்கும் உதவாதவர் என்று நீங்கள் சொன்னீர்கள்.

அந்த வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதையும் கவனித்தேன். பையன் வீட்டில் சொல்லியே இருக்க மாட்டான். வயிற்று வலி என்றோ வேறு ஏதோ சொல்லியோ படுத்திருப்பான். பள்ளியில் கிடைக்கும் காலை உணவும் அவனுக்கு 11 நாளாக இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ‘ஏன் லீவு’ என்று ஆரம்பிக்காதீர்கள். திண்ணையில் உட்காருங்கள், அந்த அம்மா முறத்தைத் தள்ளி வைக்க அவசரப்பட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். பையனிடம், அவன் அப்பா அம்மா காதில் விழும்படி, “டீச்சர் சொன்னது தப்புடா” என்று சொல்லிவிடுங்கள். அது தொண்டையில் சிக்கும், சிக்கட்டும். அப்புறம் அவன் அப்பா சின்ன வயதில் செய்த சேட்டை ஏதாவது ஞாபகம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். நிச்சயம் ஒன்றாவது இருக்கும்.

கை நடுக்கம் அதற்குப் பிறகும் இருந்தால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். விருப்ப ஓய்வைப் பற்றி, அவன் பெயருக்கு நேரே ‘வந்தான்’ என்று ஒரு வாரம் பதிவு செய்த பிறகு எனக்கு எழுதுங்கள், பேசலாம்.